மலைநாட்டில் மெய்நிகர் மின்நிலையம்: கீசர், கொழுந்து விசிறி, ஓடைத் தேக்கம் ஆகியவற்றைக் கொண்டு மின்வழி நெரிசலைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சோலார் பொருத்தியவர்கள் பிற்பகல் 3 மணி வரை தங்கள் தொகுதியைத் தாமாக நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் நாட்களில் நாட்டின் மின் தேவை சரிந்துவிடுகிறது, வெயிலோ சரிவதில்லை. அதே கிழமையில்தான் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் நிரம்புகிறது. குளிரில் நனைந்து அறைக்குத் திரும்பும் விருந்தினர் எல்லோரும் மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் கீசரைப் போடுகிறார்கள். பகலில் வேண்டாமென்று நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில் தட்டுப்பாடாகி, உச்ச நேர விலைக்கு உற்பத்தி செய்யப்படுகிறது. இந்த இரண்டு மணிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் மெய்நிகர் மின்நிலையத்தின் வேலை.

மெய்நிகர் மின்நிலையம் என்பது ஒரு கட்டடம் அன்று. வெவ்வேறு இடங்களில் உள்ள சோலார் தொகுதிகள், பட்டரிகள், சிறு நீர்மின் நிலையங்கள், நேரம் மாற்றக்கூடிய மின்சாதனங்கள் ஆகியவற்றைத் தொலைத்தொடர்பால் இணைத்து, ஒரே மின்நிலையத்தைப் போல ஏற்றி இறக்கும் ஏற்பாடு அது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009இல் தொடங்கிய நெக்ஸ்ட் கிராஃப்ட்வெர்க்கே நிறுவனம், சாணஎரிவாயு, காற்று, சூரிய, நீர்மின் நிலையங்களை இவ்வாறு தொகுத்தது. தென் அவுஸ்திரேலியாவில் 2018இல் அரசாங்க வாடகை வீடுகளின் கூரைகளில் தொடங்கிய திட்டம், பெனலையும் பட்டரியையும் சேர்த்தே வழங்கியது. நமக்கும் இந்த எண்ணம் முற்றிலும் புதிதன்று. வறட்சிக் காலங்களில் பெரிய பாவனையாளர்களின் ஜெனரேட்டர்களை ஓடவைத்து அதற்குப் பணம் கொடுத்த மின்சார சபையின் ஏற்பாடும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதில் புகையும் டீசல் செலவும் இருந்தன என்பதுதான் வேறுபாடு.

இங்கே விற்கப்படும் திட்டங்கள் பெரும்பாலும் பட்டரியிலிருந்து தொடங்குகின்றன. மலைநாட்டில் பட்டரி கடைசியில் வரவேண்டியது என்பது என் கருத்து. நம்மிடம் ஏற்கனவே உள்ள சுடுநீர்த் தொட்டியும், கொழுந்து வாட்டும் விசிறியும், நீர்மின் நிலையத்துச் சிறு தேக்கமும் செய்யக்கூடிய வேலையைச் செய்துமுடித்த பின்பு எஞ்சுவதற்கே பட்டரி வாங்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் அமைந்துள்ளன.

முதற்படி: நெரிசல் எந்த இடத்தில் என்று கண்டறிதல்

“மின்வழி நெரிசல்” என்ற ஒரே சொல் மூன்று வேறு நோய்களுக்கு வழங்குகிறது. எந்த நோயென்று தெரியாமல் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

முதலாவது, வீட்டுக்கு வரும் தாழ் அழுத்த வயரில் உண்டாவது. மலைநாட்டில் ஒரு ட்ரான்ஸ்போமரிலிருந்து கடைசி வீடு வரை வயர் அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலாக மேடு பள்ளம் ஏறி இறங்கிச் செல்வது சாதாரணம். பொகவந்தலாவைக்கு மேலே என் அத்தை வீடு அப்படியான ஒரு வழியின் கடைசியில் இருக்கிறது. 5 கிலோவாட் சோலார் பொருத்திய சில மாதங்களில், பக்கத்து வீட்டிலும் அதே அளவு பொருத்தினார்கள். அதன்பின், “வெயில் நல்லா அடிக்கிறப்பதான் தம்பி இது நிக்குது” என்று அத்தை தொலைபேசியில் சொல்லத் தொடங்கினார். பொருத்திக் கொடுத்தவர்கள் பெனலைத் துடைக்கச் சொன்னார்கள். பெனல் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு இன்வேர்ட்டரின் திரையைப் பார்த்தபோது 249 வோல்ட் காட்டியது. சிவப்பு விளக்கு மின்னியது. உள்ளே ரிலே “டக்” என்று விழுந்தது.

கணக்கு எளிது. 70 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.44 ஓம். அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு, போகும் வயரும் திரும்பும் வயரும் சேர்ந்து 0.44 ஓம். ஒரு வீடு 5 கிலோவாட்டை வெளியே தள்ளும்போது ஏறத்தாழ 21.7 அம்பியர் ஓடுகிறது. அதனால் வயரின் நுனியில் 9.6 வோல்ட் ஏறுகிறது. ஒரே ஃபேசில் இரண்டு வீடுகள் தள்ளினால் ஏற்றம் 19 வோல்ட்டைத் தாண்டுகிறது. ட்ரான்ஸ்போமரில் 230 வோல்ட் இருந்தாலும் கடைசி வீட்டில் 249 ஆகிவிடும். இலங்கையில் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 6 சதவீதம். அதாவது மேல் எல்லை 243.8 வோல்ட். இங்கே ட்ரான்ஸ்போமர் நிரம்பவில்லை, வயரும் சூடாகவில்லை. ஆனாலும் வழி அடைபட்டுவிட்டது. மலைநாட்டுக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த வகை நெரிசலே.

இந்நிலையில் மெய்நிகர் மின்நிலையத்தை நினைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளை மின் விநியோக அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சோலார் உள்ள வீடுகள் மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா? ட்ரான்ஸ்போமரின் டப், அதாவது வெளிவரும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தெரிவு, ஒரு படி இறக்கப்படலாமா? இவ்விரண்டும் அவர்களுடைய ஆட்கள் ஒரு முற்பகலில் செய்யக்கூடிய வேலைகள். அவற்றால் தீர்வதற்கு மென்பொருள் வாங்குவது வீண்செலவு. இன்வேர்ட்டரின் வலுக் காரணியை (பவர் ஃபெக்டர்) மாற்றி அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உயர் அழுத்தக் கம்பிகளில் அது நன்றாக வேலை செய்யும். தடை கூடி, தூண்டல் எதிர்ப்பு மிகக் குறைந்த ஒன்றாக முறுக்கிய இந்தக் கட்டு வயர்களில் அதனால் கிடைப்பது சொற்பமே.

இரண்டாவது நெரிசல் 33 கிலோவோல்ட் வழியிலும் அது போய்ச் சேரும் கிரிட் உபநிலையத்திலும் ஏற்படுவது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கச் சரிவுகளை நனைக்கும்போது, 10 மெகாவாட்டுக்குக் குறைந்த சிறு நீர்மின் நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு அளவில் ஓடுகின்றன. பதுளை, ஊவாப் பக்கச் சரிவுகளுக்கு அதே நிலை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வருகிறது. அந்தப் பிரதேசத்தின் சொந்தப் பாவனை குறைவு. ஆகவே மின்சாரம் மேல்நோக்கி ஓடி, உபநிலைய ட்ரான்ஸ்போமரின் எல்லையை முட்டுகிறது.

மூன்றாவது நாடு முழுவதுக்குமானது. பகலில் மிகை, மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடே இருண்டது பலருக்கு நினைவிருக்கும். குரங்கைப் பற்றிய பகிடிகள் அடங்கிய பின் எஞ்சிய பாடம் வேறு. பாவனை குறைந்த ஒரு ஞாயிறன்று, சோலாரின் பங்கு கூடி, சுழலும் பெரிய இயந்திரங்களின் பங்கு குறைந்திருந்ததால், ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் கனம் வலையமைப்பில் இருக்கவில்லை.

இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஜூலை மாத இரவில் சிறு நீர்மின் நிலையங்கள் நிரம்பி ஓடும் ஒரு 33 கிலோவோல்ட் வழியில், நாட்டின் உச்ச நேரத்துக்கு உதவுகிறோம் என்று பட்டரிகளையும் வெளியே கொட்டினால் உள்ளூர் நெரிசல் கூடும். அந்த இரவில் அங்கே பட்டரியை அமைதியாக விட்டுவிடுவதே சரி. ஆகவே உங்கள் தொகுப்பு எந்த ட்ரான்ஸ்போமரின் கீழும் எந்த 33 கிலோவோல்ட் வழியின் கீழும் வருகிறது என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் குறித்துவைத்துக்கொள்வது இந்தப் படியின் முடிவாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கையில் உள்ளதை எண்ணுதல்

ஒரு வாரத்துக்குக் கொப்பியும் பென்சிலுமாக நடந்து திரிய வேண்டிய படி இது. எந்தச் சாதனம், எத்தனை கிலோவாட், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம், யாருடைய சம்மதம் வேண்டும் என்ற ஐந்தையும் எழுதுங்கள்.

கீசரிலிருந்து தொடங்கலாம். நுவரெலியாவில் குழாய்த் தண்ணீர் 16 பாகை அளவில் வருவதாக வைத்துக்கொண்டால், 50 லீட்டர்த் தொட்டியை 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 2.6 யூனிட் மின்சாரம் செல்லும். 2 கிலோவாட் கீசர் அதை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடும். நன்றாக மூடிய தொட்டியில் மதியம் சூடாக்கிய தண்ணீர் மாலை வரை பெரும்பாலும் சூடாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தொட்டியும் ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிய ஒரு சிறு மின்சேமிப்பகம். இருபது அறை விடுதி ஒன்று, மதியம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் மாறி மாறித் தொட்டிகளைச் சூடாக்கினால், மாலையில் வேண்டியிருப்பது குறைந்த சூட்டை ஈடுகட்டுவது மட்டுமே. மின்சாரத்தைச் சேமிக்கிறோம் என்று வெப்பநிலையை 45, 50 பாகைக்கு இறக்கிவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நோய்க்கிருமிகள் வளரும். நேரத்தை மாற்றுங்கள், 60 பாகை என்ற அளவை மாற்றாதீர்கள். உடனடியாகச் சூடாக்கும் ஷவர் ஹீட்டர்களுக்குத் தொட்டியே இல்லை. அவை இந்தக் கணக்கில் சேரா.

அடுத்தது தேயிலைத் தொழிற்சாலை. நம் மக்கள் சொல்லும் ஸ்டோர். மாலை நிறுவைக்குப் பின் வரும் கொழுந்து வாட்டும் தட்டுகளில் பரப்பப்பட்டு, விடியற்காலை உருட்டுவதற்கு ஆயத்தமாகும் வரை விசிறிகள் மணிக்கணக்காக ஓடுகின்றன. உச்ச நேரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. விசிறியின் ஒரு குணம் நமக்குச் சாதகமானது: அது எடுக்கும் மின்வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் மின்வலு 51 சதவீதமாக விழும். 5.5 கிலோவாட் விசிறிகள் எட்டு உள்ள ஸ்டோரில் 44 கிலோவாட் 22.5 ஆகிறது, காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. இதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். சுவிட்சை மூடித் திறப்பது பதிலாகாது. காற்று முற்றாக நின்றால், பறித்த பின்னும் மூச்சுவிடும் கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து சிவந்துபோகும். வாட்டு பிழைத்தால் தேயிலையின் தரம் பிழைக்கும். ஏலத்தில் இழக்கும் பணம் மின்கட்டணத்தில் மிச்சப்பட்டதைப் பல மடங்கு விழுங்கிவிடும். அதனால் இங்கே சம்மதம் சொல்ல வேண்டியவர் தோட்டத்தை நடத்தும் துரை அல்லர், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர். மழைநாளில் சொட்டச் சொட்ட வரும் கொழுந்தின் மேல்நீரை முதலில் காற்றால் போக்க வேண்டியிருப்பதால், அன்று அந்த ஸ்டோரைத் தொகுப்பிலிருந்து கழித்துவிட வேண்டும்.

நீர்மின் நிலையங்களைப் பற்றிப் பேசும்போது காசல்ரி, மவுசாக்கலை, கொத்மலை என்று பெரிய நீர்த்தேக்கங்களே நினைவுக்கு வருகின்றன. அவற்றை இயக்குவது வேறு இடம். நம் கைக்கு எட்டுவது ஓடையிலிருந்து வாய்க்கால் வழியே வந்து, குழாய்க்குள் இறங்குவதற்கு முன் நீர் தங்கும் சிறு தேக்கம். தேசிய வலையமைப்பு மலையேறுவதற்கு முன்பே பல தோட்டங்கள் தமக்கெனச் சிறு டேர்பைன்களை வைத்திருந்தன. துருப்பிடித்த குழாய்களும் பாசி படிந்த தொட்டிகளும் இன்னும் பல ஸ்டோர்களின் பின்புறம் கிடக்கின்றன. 2,000 கன மீட்டர் நீர், 100 மீட்டர் உயரம், 75 சதவீத வினைத்திறன் என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 409 யூனிட். 5 யூனிட் கொள்ளும் வீட்டுப் பட்டரிகள் எண்பதுக்குச் சமமான சேமிப்பு ஒரு தேக்கத்தில் இருக்கிறது. உச்ச நேரத்தின் நான்கு மணி நேரத்துக்கு அதைப் பரப்பினால், ஓடைநீர் தரும் வலுவுக்கு மேலாக 100 கிலோவாட் கிடைக்கும். பகலில் தேக்கி மாலையில் விடுவதற்கு உரிமையாளரின் சம்மதமும், விற்பனை ஒப்பந்தம் இடங்கொடுப்பதும் வேண்டும். அணைக்குக் கீழே ஓடையில் எப்போதும் ஓடவேண்டிய நீரை மறிக்கக் கூடாது; கீழே குளிப்பவர்களும் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். பருவமழை உச்சத்தில் தேக்கம் தானாகவே நிரம்பி வழிவதால் இந்த வசதி வறண்ட மாதங்களுக்கும் இடைப்பருவத்துக்குமே உரியது.

இவற்றுக்குப் பிறகு பட்டரி. 5 யூனிட் பட்டரி ஒன்றில் 2 யூனிட்டை மின்வெட்டுக்கென ஒதுக்கிவைத்து, மீதி 3 யூனிட்டை மட்டுமே தொகுப்புக்குக் கேளுங்கள். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டவர்களும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளில் கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்காக இருட்டில் இருந்தவர்களும் அதற்கு மேல் தரமாட்டார்கள், தரச்சொல்லவும் கூடாது. ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் வீணாகலாம். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பட்டரியை உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் அது கெட்டுப்போகும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாவின் புல் வெளுக்கும் நாட்களில், வெளிச்சுவரில் மாட்டிய பட்டரி தானே ஏற்றத்தை மறுக்கக்கூடும். வீட்டுக்குள் வைப்பதே நல்லது.

ஒரு சிறு தொகுப்பின் கூட்டுத்தொகை இப்படி வரும்: ஸ்டோர் ஒன்றில் 21 கிலோவாட், நாற்பது கீசர்கள், அவற்றில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு போடப்பட்டிருக்கும் என்று கொண்டால் 24 கிலோவாட், பன்னிரண்டு வீட்டுப் பட்டரிகளிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு 9 கிலோவாட். மொத்தம் 54 கிலோவாட். இதில் பட்டரியின் பங்கு ஆறில் ஒன்றுதான். செலவில் அதன் பங்கோ ஆகப்பெரியது.

மூன்றாம் படி: மீட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

ஒவ்வோர் இடத்திலும் மூன்று பொருள்கள் வேண்டும்: 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது பதியும் மீட்டர், சாதனத்தை இயக்கும் ரிலே அல்லது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இவற்றைத் தொகுப்பு மையத்தோடு பேசவைக்கும் சிறு பெட்டி. இன்வேர்ட்டர்களும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பெரும்பாலும் மொட்பஸ் நெறிமுறையில் பேசும். மையத்துக்குத் தகவல் அனுப்ப எம்கியூடிடி என்ற எளிய செய்தி நெறிமுறை போதும். பின்னாளில் மின் நிறுவனத்தோடு நேரடியாக இணைய வேண்டி வந்தால் ஓப்பன் ஏடிஆர் போன்ற திறந்த நெறிமுறை தெரிந்த பெட்டி உதவும். ஒரே நிறுவனத்தின் செயலியில் மட்டும் இயங்கும் கருவியை, எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள்.

2 கிலோவாட் கீசர் 8.7 அம்பியர் எடுக்கும். 10 அம்பியர் என்று அச்சிட்ட மலிவான ஸ்மார்ட் பிளக்கில் அதை மாட்டினால், ஈரக் காற்றில் சில மாதங்களில் முனை கருகும். 16 அம்பியருக்குக் குறையாத கொன்டாக்டரைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு பொருத்துங்கள். கீசரின் சொந்த வெப்பக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பு வால்வையும் எவரும் தொடக்கூடாது.

மூடுபனியிலும் மழையிலும் நம் பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலைவரிசை அறுந்துபோவது அன்றாடம் நடப்பது. அலைவரிசை இல்லாவிட்டால் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் இந்தப் படியில் மிக முக்கியமானது. கீசர் தன் உள்ளூர் நேரக்கருவிக்குத் திரும்ப வேண்டும். விசிறி முழு வேகத்துக்குத் திரும்ப வேண்டும். பட்டரி வீட்டுக்கு மட்டும் வேலை செய்ய வேண்டும். ஸ்டோரில் டீமேக்கரின் கைக்கெட்டும் இடத்தில், மையத்தின் கட்டளையைத் தள்ளுபடி செய்யும் ஒரு பெரிய பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

மின்வெட்டின்போது சாதாரண சோலார் இன்வேர்ட்டர் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி. பட்டரியும் மாற்றுச் சுவிட்சும் உள்ள இன்வேர்ட்டர் மட்டுமே வீட்டைத் தனியாகத் தாங்கும். உறுப்பினர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: நாளுக்கும் பருவத்துக்கும் ஏற்ற அட்டவணை

தொகுப்பின் மூளை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு நல்ல கால அட்டவணையே. பட்டரிகளை வாங்கிய நிலையிலேயே விட்டால், காலை ஏழரைக்கே ஏறத் தொடங்கிப் பத்துக்குள் நிரம்பிவிடும். மிகை மின்சாரம் வந்து குவியும் பதினொன்றுக்கு அவற்றில் இடமிருக்காது. ஏற்றத்தைத் தாமதப்படுத்துவது ஒரு பைசாச் செலவில்லாத மாற்றம். அதே வேளை, மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் முற்பகல் பளிச்சென்றிருந்து பிற்பகல் இடியும் மழையுமாக மாறுவது மலைநாட்டின் வழக்கம். ஆகவே அந்த மாதங்களில் ஏற்றத்தைப் பிற்பகல் ஒரு மணிக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. ஜனவரி மாதத்துத் தெளிந்த வானத்தில் ஹட்டன் பக்கத்தில் இரண்டு வரை காத்திருக்கலாம். பதுளைப் பக்கத்துக்கு அது மழைக்காலம்.

இன்னொரு பொறி, எதிர்வீச்சு. உச்ச நேரம் முடியும் 10.30க்கு நிறுத்திவைத்த எல்லாக் கீசர்களையும் ஒரே கணத்தில் விடுவித்தால், 10.31க்குப் புதிய உச்சம் ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். ஒவ்வொரு கருவிக்கும் பூச்சியத்திலிருந்து நாற்பது நிமிடம் வரை ஏதோவொரு தாமதத்தைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். காலையில் நேரக்கருவி போடும் நேரத்துக்கும் இதுவே விதி.

ஐந்தாம் படி: அனுமதியும் ஒப்பந்தமும்

உங்கள் மீட்டருக்கு உட்புறம் கீசரை எப்போது போடுவது என்பது உங்கள் விருப்பம். பட்டரியிலிருந்து வெளியே அனுப்புவதற்கும், இன்வேர்ட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கும் விநியோக நிறுவனத்தின் எழுத்துமூல இணக்கம் வேண்டும். மற்றவர்களின் மின்சாரத்தைத் தொகுத்து விற்பதாயின் அனுமதிப்பத்திரம் பற்றி இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது. ஆகவே பழைய கடிதத்தின் முகவரியை அப்படியே பிரதி செய்யாமல், அன்று உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பானவர் யாரென்று கேட்டு எழுதுங்கள்.

உறுப்பினர் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். சோலார் ஒப்பந்தங்களை வாசிக்க முடியாத மொழியில் கையெழுத்திட்டுவிட்டு, இருபது வருட நிபந்தனைகளை வருடங்கள் கழித்து அறிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை யூனிட் எடுக்கப்படும், எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்படி விலகலாம், தகவல் யாரிடம் இருக்கும் என்ற ஐந்தும் ஒரே பக்கத்தில் எழுதப்படட்டும்.

தோட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய புது வீடுகளில் தம் பெயரில் மீட்டர் உள்ளவர்கள் நேரடியாகச் சேரலாம். தம் பெயரில் மின் இணைப்பு இல்லாத லயன் குடும்பங்கள் சோலார்த் திட்டங்களில் சேர முடியாது. அவர்களை வெளியே விட்டுவிட்டு ஸ்டோரையும் விடுதிகளையும் மட்டும் இணைத்தால், அதே வயரின் கடைசியில் மங்கலான விளக்கோடு இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் எதையும் தராது. கோயில் கூரையிலோ சமூக மண்டபத்திலோ ஒரு பொதுத் தொகுதியை வைத்து அதன் வருமானத்தைப் பகிர்வது ஒரு வழி. மீட்டருக்கான விண்ணப்பத்தைத் தொகுப்பே முன்னின்று நடத்துவது அதைவிட நல்ல வழி.

ஆறாம் படி: அளவிடுதலும் பணமும்

“குறைத்தோம்” என்று சொல்வதற்கு, குறைக்காமலிருந்தால் எவ்வளவு எடுத்திருப்போம் என்று காட்ட வேண்டும். கடந்த பத்து ஒத்த நாட்களின் சராசரியை ஒப்பிடும் அடிப்படை அளவாக வைப்பது வழக்கம். விடுதிக்கு அது போதும், அறை நிரம்பிய வீதத்தையும் சேர்த்துக்கொண்டால். ஸ்டோருக்கு அது பொய் சொல்லும். கொழுந்து வரவு ஒரு நாளைக்கு ஒரு நாள் மாறுவதால், வரவு குறைந்த நாளில் தானாகக் குறைந்த மின்சாரத்தைச் சேமிப்பு என்று எண்ணிவிடுவோம். ஆயிரம் கிலோ பச்சைக் கொழுந்துக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிட்டால் இந்தப் பிழை வராது. நிறுவைப் புத்தகம் ஏற்கனவே இருக்கிறது.

வருமானத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இணைப்பின் அளவு 42 கேவிஏக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணமும், மாதத்தின் ஆகக்கூடிய தேவைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. உச்சத்தைத் தட்டையாக்கினால் இரண்டும் குறையும். தகுதியுள்ள வீடுகளும் விரும்பினால் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாம்: உச்சம் 6.30 முதல் 10.30 வரை, மலிவு 10.30 முதல் விடியற்காலை 5.30 வரை. பட்டரி மின்சாரத்தை உச்ச நேரத்தில் வாங்குவதற்கான விலையையும் நிபந்தனையையும் அன்றைய கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் பழைய முறையில் உள்ள சோலார் வீட்டுக்கு நேரம் மாற்றுவதால் கட்டணத்தில் எதுவும் மிஞ்சாது. அவர்களுக்கு வலையமைப்பே இலவசப் பட்டரி. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது வேறு. அழுத்தம் கூடி இன்வேர்ட்டர் நாளுக்கு இரண்டு மணி நேரம் நின்றால், 4 கிலோவாட் வீதம் 8 யூனிட் இழப்பு, மாதத்துக்கு 240. அந்த இழப்பு நிற்கிறது என்பதே அவர்களுடைய வருமானம்.

ஏழாம் படி: சோதனை ஓட்டம்

முதல் சோதனையைப் போயா விடுமுறையிலோ, கொழுந்து குவியும் நாட்களிலோ வைக்காதீர்கள். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போதும். முதல் வாரத்தில் கருவிகள் பதிவு மட்டும் செய்யட்டும். எதையும் இயக்க வேண்டாம். இரண்டாம் வாரம் கீசர்கள். ஒரு மாதம் கழித்து, டீமேக்கர் வாட்டின் ஈரப்பதத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகு, ஒரே ஒரு விசிறி. வேண்டுமென்றே ஒருமுறை தொலைபேசி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, எல்லாம் மூன்றாம் படியில் எழுதியபடி பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாத தொகுப்பு, முதல் பெருமழையில் தானாகவே அந்தச் சோதனைக்கு உள்ளாகும்.

அத்தை வீட்டில் நாங்கள் செய்தது இதன் மிகச் சிறிய வடிவம். இரண்டு வீடுகளிலும் கீசரை 10.45க்குப் போட்டு 12 மணிக்கு நிறுத்தும் நேரக்கருவி. இரண்டு பட்டரிகளும் 12 மணிக்குப் பிறகே 2 கிலோவாட் வீதம் ஏறத் தொடங்கி ஒன்றரைக்கு நிற்கும்படி ஒரு மாற்றம். வெளியே தள்ளுவது வீட்டுக்கு 5 கிலோவாட்டிலிருந்து 3 ஆகிறது. கணக்குப்படி வயரின் நுனியில் 241.5 வோல்ட். பங்குனி மாதத்து ஒரு பளிச்சென்ற நண்பகலில் திரையில் இருந்தது 242. ஒன்றரைக்குப் பட்டரி நிரம்பியதும் மறுபடி 248 ஆகி ரிலே விழுந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் தானும் ஒரு கீசர் வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடையதை ஒன்றரைக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.